ஜாம்பேசி ஆற்றில் ஒரு நாள் ராஃப்டிங்: நீந்தத் தெரியாதவர் போகலாமா?

தென்காற்று (இழையைத் தொடங்கியவர்):
அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் நானும் என் கணவரும் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகரில் நான்கு நாள் தங்குகிறோம். விக்டோரியா அருவியைப் பார்ப்பதற்காகத்தான் போகிறோம் என்றாலும், அருவிக்குக் கீழே படோகா பள்ளத்தாக்கில் ஒரு நாள் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றின் வேகமான ஓட்டங்களைக் கடப்பது) போக வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அவர் நன்றாக நீந்துவார். எனக்கு நீச்சல் அறவே தெரியாது. தங்கும் விடுதியில் கேட்டபோது, "நீச்சல் தேவையில்லை, லைஃப் ஜாக்கெட் தருவார்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதே ஆற்றைப் பற்றிப் படித்தால் எங்கு பார்த்தாலும் கிரேடு 5 என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பயமுறுத்தவும் வேண்டாம், தைரியம் கொடுக்கவும் வேண்டாம்.

பாதசாரி:
அம்மா, என் கருத்து ஒரே சொல்தான்: வேண்டாம். ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். அதில் 6 என்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு போகவே கூடாத இடம். அப்படியென்றால், காசு கொடுத்துப் போகக்கூடியவற்றின் உச்சம் 5. நீந்தத் தெரியாத ஒருவர் முதல் முறையே உச்சத்தில் ஏறுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. நான் பாலித் தீவில் அயுங் ஆற்றில் போயிருக்கிறேன். அது கிரேடு 2, சில இடங்களில் 3. ஆற்றுக்கு இறங்கவும் திரும்ப ஏறவும் உள்ள படிக்கட்டுகள்தான் அங்கே பெரிய சோதனை, மற்றபடி மரங்களையும் பாறைகளையும் பார்த்துக்கொண்டே வரலாம். அத்தகைய ஆறு ஒன்றில் பழகிக்கொண்டு, பிறகு பெரிய ஆற்றைப் பற்றி யோசிக்கலாம்.

துடுப்பு:
நான் ஜாம்பேசியில் இரண்டு முறை போயிருக்கிறேன், ஒன்று செப்டம்பரில், மற்றொன்று ஜூலையில். பாதசாரி அவர்களின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பாய்ச்சலை, அதாவது ஆறு நுரைத்து வேகமாக இறங்கும் இடத்தை, படகு கடப்பது எவ்வளவு கடினம் என்பதைத்தான் கிரேடு முதன்மையாகச் சொல்கிறது. படகிலிருந்து விழுந்தவர் அதற்குப் பிறகு என்ன ஆவார் என்பது அந்த ஒற்றை எண்ணில் முழுமையாகத் தெரிவதில்லை, நீந்தத் தெரியாதவருக்கோ அதுதான் முதல் கேள்வி.

மலை ஆறுகளில் பொதுவாக இரண்டு குணங்களைப் பார்க்கலாம். சில ஆறுகள் சரிவில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே விழுந்தால் ஒரு பாய்ச்சல் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், மூச்சு வாங்க இடமிருக்காது. வேறு சில ஆறுகள் ஒரு பாய்ச்சலில் வேகமாக இறங்கி, உடனே அகன்ற மடுவில் போய் அமைதியடையும், பிறகு அடுத்த பாய்ச்சல் வரும். நீர் குறைந்த காலத்து ஜாம்பேசி இரண்டாம் வகை. அலைகள் வீடு உயரத்துக்கு எழும் என்பது பொய்யில்லை. ஆனால் விழுந்தவர் பெரும்பாலும் சில விநாடிகளில் அந்த மடுவுக்கு வந்து சேர்கிறார், அங்கே பாதுகாப்புக்கென்று ஒருவர் மட்டும் அமரும் சிறு படகில் வரும் கயாக்காரர் காத்திருக்கிறார். ஆறு ஆழமாக இருப்பதால், ஆழமற்ற சிற்றாறுகளில் போலப் பாறையில் உரசிக்கொண்டே போக வேண்டியதில்லை. தண்ணீரும் குளிர்ந்து விறைக்க வைக்காது.

இதில் நீங்கள் போகும் மாதம் மிக முக்கியம். மேலே அங்கோலாவிலும் ஜாம்பியாவின் வடமேற்கிலும் நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் பரோட்சே சமவெளியில் கடல்போலப் பரவித் தேங்கி, மெல்ல வடிந்து அருவியை அடைய வாரக்கணக்காகும். ஆகவே மழை ஓய்ந்த பிறகு, ஏப்ரல் வாக்கில்தான் ஆற்றில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும், அப்போது பயணங்களை நிறுத்தியும் வைப்பார்கள். அக்டோபர், நவம்பரில் ஆறு மிகவும் வற்றியிருக்கும். வற்றிய ஆறு எளிது என்று நினைத்துவிடாதீர்கள். நீர் குறையும்போதுதான் பள்ளத்தாக்கின் கருங்கல் படிகள் வெளிப்பட்டு, பாய்ச்சல்கள் செங்குத்தாகின்றன. நீர் மிகும்போது பல அலைகள் மூழ்கி மறைந்துவிடும். பார்ப்பதற்கு ஆறு சாதுவாகத் தெரிந்தாலும், வேகம் கூடி, சுழல்கள் பெருத்து, விழுந்தவரை நெடுந்தூரம் இழுத்துப் போகும். என்னைக் கேட்டால் அலை பெரிதாக உள்ள அக்டோபரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வெள்ளிமீன்:
துடுப்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தண்ணீரின் குளிர்ச்சியைப் பயணிகள் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நேபாளத்தில் போட்டே கோசி ஆற்றில் நான் விழுந்தபோது, அலையைவிடக் குளிர்தான் என்னை முடக்கியது. பனி உருகி வரும் நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தானாகவே பெருமூச்சை இழுக்கும், அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சில நிமிடங்களில் விரல்கள் மரத்து, கைக்கு எட்டிய கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாமல் போகும். ஆகவே "கிரேடு 3தானே" என்று குளிர்ந்த ஆற்றில் உடல் வெப்பத்தைக் காக்கும் வெட்சூட் உடையில்லாமல் போவதும், வெதுவெதுப்பான ஆற்றில் கிரேடு 5 போவதும் நேராக ஒப்பிடக்கூடியவை அல்ல.

எண்களை நம்பக்கூடாது என்பதற்கு நியூசிலாந்தின் கைடுனா ஆறும் நல்ல சான்று. அங்கே டுடீயா அருவியில் ராஃப்ட் 7 மீட்டர் செங்குத்தாக விழுகிறது. கேட்டால் குலை நடுங்கும். ஆனால் அருவிக்குக் கீழே ஆழமான மடு, பயண நேரம் ஒரு மணிக்கும் குறைவு, ஏரியிலிருந்து வரும் நீரைக் கதவுகள் வைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள். முதல் முறை வருகிறவர்கள் ஏராளமாக அங்கே போய் வருகிறார்கள். படகு கவிழ்வதும் உண்டு, கவிழ்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறுவதும் உண்டு.

பாதசாரி:
சிரித்துக்கொண்டே ஏறியவர்களைத்தான் நாம் படத்தில் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்செட் ஓடையில் இறங்கியவர்கள்மீது மேற்புறத்து இடிமழையால் திடீர் வெள்ளம் பாய்ந்து 21 பேர் இறந்தார்கள், அவர்களில் வழிகாட்டிகளும் இருந்தனர். அது ராஃப்டிங் அல்ல, ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்கும் விளையாட்டு. ஆனாலும், தலைக்கு மேலே வானம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து ஆற்றை எடைபோட முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

துடுப்பு:
பாடம் சரியானது. ஆனால் எந்த ஆற்றுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். குறுகலான மலை ஓடையில் ஒரு மேகம் உடைந்தால் நிமிடங்களில் நீர் ஏறும். ஜாம்பேசி போன்ற பேராறு வாரக்கணக்கில் ஏறி, வாரக்கணக்கில் இறங்குவது. சிற்றாறு ஒன்றுக்குப் போகிறவர்கள், "இன்று மேலே மழை உண்டா? நேற்றைவிட நீர் ஏறியிருக்கிறதா? எந்த அளவைத் தாண்டினால் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" என்று மூன்றையும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு உடனே ஓர் அளவைச் சொல்லத் தெரியாத வழிகாட்டியுடன் நான் போக மாட்டேன். மேலே அணை இருக்கும் ஆறுகளில், தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

தென்காற்று:
மிக்க நன்றி. என் கணவர் இதைப் படித்துவிட்டு ஒருபுறம் சிரிக்கிறார், மறுபுறம் பாதசாரி அவர்கள்மீது கோபப்படுகிறார். இப்போது எனக்கு ஒரே கேள்விதான் மிச்சம். விழுந்தால் சரியாக என்ன நடக்கும்? லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் உடனே மேலே வந்துவிடுவேனா?

துடுப்பு:
உடனே வர மாட்டீர்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பாய்ச்சலின் அடியில் வெள்ளையாகத் தெரிவது வெறும் தண்ணீர் அல்ல, அதில் காற்றுக்குமிழ்கள் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. அந்த நுரை அடர்த்தி குறைந்தது என்பதால், லைஃப் ஜாக்கெட்டுக்கு அங்கே முழு மிதப்பு கிடைக்காது. ஓரிரு விநாடி, சில இடங்களில் நான்கைந்து விநாடி, நீங்கள் நீருக்குள்ளேயே புரட்டப்படுவீர்கள். எது மேல், எது கீழ் என்று தெரியாது. உள்ளே இருப்பவருக்கு அது ஒரு யுகம் போலத் தோன்றும். அந்தச் சமயத்தில் கைகால்களை அடித்துப் போராடுகிறவர் மூச்சைத்தான் செலவழிக்கிறார். வாயை மூடிக்கொண்டு பொறுத்திருந்தால் நுரை தாண்டியதும் ஜாக்கெட் தானாகத் தூக்கிவிடும். அதனால்தான் ஜாக்கெட் இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறேன். பட்டைகளையெல்லாம் இறுக்கிய பிறகு வேறொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு அல்ல.

மேலே வந்ததும் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். கால்கள் ஓட்டம் போகும் திசையில் நீண்டு, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய வேண்டும். எதிரே பாறை வந்தால் முதலில் படுவது செருப்பின் அடியாக இருக்கட்டும், தலையாக இருக்கக் கூடாது. அலையின் பள்ளத்தில் இருக்கும்போது மூச்சை இழுங்கள், முகடு முகத்தில் அறையும்போது அடக்குங்கள். எந்த நிலையிலும் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று காலை ஊன்றுபவரின் பாதம் இரண்டு பாறைகளுக்கிடையே சிக்கிவிட்டால், பின்னாலிருந்து வரும் ஓட்டம் அவரைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. எவ்வளவு பலசாலியானாலும் அதை எதிர்த்து நிமிர முடியாது.

உங்களுக்கு மேலே படகு இருந்தால் பயப்படாதீர்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வைத்து, படகின் அடியைத் தள்ளிக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்தால் சீக்கிரமே வெளிச்சத்துக்கு வந்துவிடுவீர்கள். கயிறு அடைத்த மீட்புப் பையை உங்களை நோக்கி வீசினால் பையைப் பிடிக்க வேண்டாம், கயிற்றைப் பிடியுங்கள். அதைத் தோளுக்கு மேலாகப் போட்டு மல்லாந்து கொண்டால் இழுக்கும்போது முகம் நீருக்கு மேலே இருக்கும். கையில் சுற்றிக்கொள்ள மட்டும் கூடாது, ஏனென்றால் தேவைப்பட்டால் விட முடிய வேண்டும். துடுப்பின் மேல்முனையில் உள்ள பிடியை எந்நேரமும் உள்ளங்கையால் மூடியே வைத்திருங்கள். ராஃப்டிங்கில் பல் உடைவதும் மூக்கில் அடிபடுவதும் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரின் துடுப்பால்தான்.

இவற்றில் எதற்காவது நீச்சல் தேவைப்படுகிறதா என்று பாருங்கள். தேவைப்படுவது, முகம் நனையும்போது பதறாமல் இருப்பது. நீந்தத் தெரியாதவர்களில் சிலருக்கு அது இயல்பாக வரும், நீந்தத் தெரிந்தவர்களில் பலருக்கு வராது. போவதற்கு முன் ஒரு நீச்சல்குளத்தில் ஜாக்கெட் போட்டு மல்லாந்து மிதந்து பாருங்கள். காதில் தண்ணீர் போனதும் உடம்பு விறைத்தால், பாதசாரி சொன்னதையே கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தண்ணீரை விட்டுத் தாளுக்கு வருகிறேன். பயணக் காப்பீட்டில் "சாகச விளையாட்டுகள்" என்ற பகுதியை இருவரும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ராஃப்டிங்குக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு, இன்னொரு பக்கத்தில் கிரேடு 3 வரை மட்டுமே என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும். கூடுதல் கட்டணம் கட்டினால்தான் அதற்கு மேல் செல்லும். மருத்துவச் செலவைவிட, பள்ளத்தாக்கிலிருந்து தூக்கி வந்து பெரிய நகரத்து மருத்துவமனையில் சேர்க்கும் செலவு கவரப்படுகிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். கிளம்பும் நாள் காலையில் நீட்டப்படும் உறுதிமொழிப் படிவத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள். அதை முந்தைய நாளே அனுப்பச் சொல்லிப் படிப்பதில் தவறில்லை. நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். நியூசிலாந்தில் விபத்தில் காயமடைந்தால், வெளிநாட்டுப் பயணியாக இருந்தாலும் அங்கே நடக்கும் சிகிச்சைக்கு அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் உதவும், அதற்கு ஈடாகப் பொதுவாக நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. எல்லா நாட்டிலும் அப்படி ஒரு திட்டம் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கரைமணல்:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் அதே பள்ளத்தாக்கில் போனவள். என்னை உடைத்தது ஆறு அல்ல, ஏற்றம். காலையில் கொதிகலன் என்ற பொருளில் பெயர் வைத்த பாய்லிங் பாட் என்னும் இடத்துக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். முடித்த பிறகு வேறோர் இடத்தில் அதைவிட மோசமான பாதையில் மேலே ஏற வேண்டும். அக்டோபர் மாத வெயிலில் அந்தக் கற்கள் தோசைக்கல் மாதிரி சுடும். மூட்டுவலி இருப்பவர்கள் ராஃப்டிங் முடியுமா என்று கேட்பதற்கு முன், ஏற முடியுமா என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. சில இடங்களில் மேலே தூக்கிச் செல்ல இழுவை வண்டி உண்டு, அது அன்றைக்கு இயங்குகிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று: பயணிகள் எல்லோரும் துடுப்புப் போடும் படகு வேறு, நடுவில் வழிகாட்டியே இரண்டு பெரிய துடுப்புகளை இயக்க, மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் படகு வேறு. இரண்டாவது கிடைக்குமா என்று கேளுங்கள். முழு நாளுக்குப் பதில் பத்தாவது பாய்ச்சலோடு கரையேறும் அரை நாள் பயணமும் உண்டு. 9ஆம் பாய்ச்சலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வணிகத் தற்கொலை என்று பொருள்படும் பெயர் அதற்கு. பயணிகள் எல்லோரையும் இறக்கி, பாறைமேல் நடத்தியே கூட்டிப் போவார்கள்.

பாதசாரி:
அந்தப் பெயரைக் கேட்ட பிறகும் போகிறீர்கள் என்றால், நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

தென்காற்று:
திரும்பி வந்துவிட்டோம். எழுதுவதாகச் சொல்லிவிட்டு மூன்று வாரம் தாமதித்ததற்கு மன்னிக்கவும்.

புறப்படுவதற்கு முன் நான்கு நாள் நீச்சல்குளத்தில் மிதந்து பழகினேன். முதல் நாள் உடம்பு விறைத்தது, மூன்றாம் நாள் விறைக்கவில்லை. அதன் பிறகுதான் சரி என்றேன், அரை நாள் பயணம் மட்டும் என்ற நிபந்தனையோடு. பயணிகள் எல்லோரும் துடுப்புப் போடும் படகுதான் கிடைத்தது. வழிகாட்டி கரையிலேயே அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார். "முன்னே", "பின்னே", "கீழே உட்கார்" என்று அவர் கத்தும்போது யோசிக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னதும், அவர் என்னைத் தனக்கு முன்னால் இருந்த இடத்துக்கு மாற்றி உட்கார வைத்தார். சொல்லாமல் இருந்திருந்தால் முன்வரிசையில் இருந்திருப்பேன்.

ஏழாவது பாய்ச்சல் மற்றவற்றைவிட நீளமானது. அதன் நடுவில் படகு ஒரு பக்கம் எழும்பியது, நானும் என் கணவரும் இன்னொருவரும் ஒன்றாக நீரில் இருந்தோம். துடுப்பு எழுதியபடியே உள்ளே ஒரே வெள்ளையாக இருந்தது, சத்தம்கூட இல்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், மூன்று வரை வந்தது நினைவிருக்கிறது. வெளியே வந்ததும் மல்லாந்து கால்களைத் தூக்கினேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கயாக்காரர் வந்து தன் படகின் முனையைப் பிடிக்கச் சொன்னார். என் கணவரோ குப்புறத் திரும்பி, படகை நோக்கி ஓட்டத்துக்கு எதிராக நீந்தத் தொடங்கியிருக்கிறார். இரண்டு அலை குடித்து, ஒரு செருப்பை இழந்து, எனக்கு வெகுநேரம் பிறகுதான் ஏற்றப்பட்டார். அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை.

பாதசாரி அவர்களுக்கு: நீங்கள் சொன்னதும் தவறில்லை. எட்டாவது பாய்ச்சலுக்கு முன் என் கை துடுப்பைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது, வேறு யாராவது இறங்கலாம் என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன். பத்தோடு கரையேறியதில் எனக்கு வருத்தமே இல்லை. கரைமணல் அவர்களுக்கு: ஏற்றத்தைப் பற்றி நீங்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

வெள்ளிமீன்:
நலமாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. அடுத்த மாதம் போகிற எங்களுக்காக ஒரு கேள்வி: கண்ணாடி அணிந்து போனீர்களா, கழற்றி வைத்தீர்களா? வழிகாட்டியின் கையசைவு தெரியாவிட்டால் சிரமம் அல்லவா?

தென்காற்று:
அணிந்துதான் போனேன். காதோடு இழுத்துக் கட்டும் பட்டையில் மாட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை இறுக்கினேன். நீரில் விழுந்தபோதும் கண்ணாடி அசையவில்லை. செருப்புக்கும் பின்பட்டை இருக்கட்டும், என் கணவர் அந்த மலையை ஒற்றைச் செருப்போடுதான் ஏறினார்.